மண்ணைவிடத் தண்ணீரோடுதான் அதிக வேலை

களிமண் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலானோர் சக்கரத்துக்காகத்தான் வருகிறார்கள். சுழலும் மண், நடுவில் இறங்கும் கட்டைவிரல், விரலோடு எழும்பி வரும் சுவர், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கிண்ணம் சக்கரத்தின் மேல் இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்கப்புறம் அலமாரியிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் சூளையிலும், கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு கரைத்த வாளியிலும் கழிகிற நாட்கள்தான் அது தேறுமா உடையுமா என்பதை முடிவு செய்கின்றன. பல வருடமாகப் பலர் சேர்ந்து வேலை செய்யும் ஒரு பட்டறையில் இருக்கிறேன், என் சாமான்களோடு மற்றவர்களுடையதையும் சூளையில் ஏற்றி இறக்குவது என் வேலை. அந்த அலமாரிகளில் நான் பார்த்த விரிசல், கோணல், வெடிப்பு இவற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. தண்ணீர் எங்கே தங்கியிருக்கிறது, எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகமாக வெளியே போகிறது என்ற கணக்கு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

முதலில் மண்ணுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். களிமண் துகள் ஒவ்வொன்றும் மிக மெல்லிய ஒரு தகடு, பெரும்பாலும் 2 மைக்ரானுக்கும் குறைவான அளவு. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு நீர்ப்படலம் இருப்பதால்தான் அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன, அதைத்தான் நாம் குழைவு என்கிறோம். அந்த நீர் ஆவியாகப் போகும்போது தகடுகள் நெருங்கி உட்காருகின்றன, பாத்திரம் சுருங்குகிறது. காய்வதிலேயே பல மண்கள் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். சூளையில் இன்னும் கொஞ்சம். அதிக வெப்பத்தில் கல் போல் இறுகும் ஸ்டோன்வேர் மண்ணை முழு வெப்பத்துக்குச் சுட்டு எடுக்கும்போது மொத்தச் சுருக்கம் 10 முதல் 13 சதவீதம் வரை வருவது சாதாரணம், போர்சலீன் என்னும் பீங்கான் மண் என்றால் அதைவிடக் கூடவும் வரும்.

மண் மூட்டையின் மேல் அச்சடித்திருக்கும் சுருக்க எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். வாங்கியதும் ஒரு பட்டை தேய்த்து, அதில் சரியாக 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கீறி, காய்ந்த பிறகு ஒரு தடவை, பிஸ்க் என்னும் முதல் சூடு முடிந்த பிறகு ஒரு தடவை, கிளேஸ் வெப்பத்துக்குப் போய் வந்த பிறகு ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். கோடு 8.8 ஆகிவிட்டது என்றால் உங்கள் மண் உங்கள் சூளையில் 12 சதவீதம் சுருங்குகிறது. அப்போது சுட்ட பிறகு 10 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்றால் ஈரத்தில் 11.2 அல்ல, 10-ஐ 0.88-ஆல் வகுத்து 11.4 வனைய வேண்டும். மூடி போட்ட ஜாடி செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு மில்லிமீட்டர் பெரிய விஷயம். மூடியையும் ஜாடியையும் ஒரே மண்ணில், ஒரே நாளில் வனைந்து, மூடியை ஜாடி மேலேயே வைத்துக் காயவிட்டால் பாதிக் கணக்குத் தேவையே இல்லை, இரண்டும் சேர்ந்தே சுருங்கும்.

பிசைவதைப் பற்றி ஒரு கட்டுக்கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்பார்கள். காற்று வெடிக்க வைப்பதில்லை. சுடப்படாத மண் நுண்துளைகள் நிறைந்தது, சூடாகிற காற்று அதன் வழியே கசிந்து போய்விடும். வெடிக்க வைப்பது நீராவி. 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே நீர் தங்கியிருந்தால் அது ஆவியாகி 1,600 மடங்குக்கும் மேல் பெருகும், அந்த வேகத்துக்கு மண்ணின் துளைகள் போதாது. அப்படியென்றால் பிசைய வேண்டாமா? கட்டாயம் பிசைய வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. மூட்டையில் மண் ஓரத்தில் இறுகியும் நடுவில் இளகியும் இருக்கும். அந்த ஈர வித்தியாசத்தோடு சக்கரத்தில் வைத்தால், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மண் நடுவுக்கு வராது, வந்ததாக ஏமாற்றிவிட்டு மேலே இழுக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும். கம்பியால் நடுவில் அறுத்து, வெட்டுமுகத்தை விரலால் அங்கங்கே அழுத்திப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விட்டுக்கொடுத்தால் போதும்.

வனைவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது எழுத்தில் வருகிற விஷயமில்லை, முழங்கையைத் தொடையில் ஊன்று என்று ஆயிரம் தடவை எழுதினாலும் ஒருவர் பக்கத்தில் நின்று தோளைத் தட்டிச் சொல்வது போல் ஆகாது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒன்று. புதியவர்கள் உராய்வுக்குப் பயந்து தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுகிறார்கள், சுவர் அதைக் குடித்துத் தொய்ந்து, மூன்றாவது இழுப்பில் உட்கார்ந்துவிடுகிறது. கையை நனைப்பதற்குப் பதிலாகச் சக்கரத்தில் வழிகிற சேற்றையே விரலில் எடுத்துத் தடவிக்கொண்டால் வழுக்கலும் இருக்கும், மண்ணும் ஊறாது. முடித்ததும் கிண்ணத்தின் அடியில் தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, அடிப்பகுதியை ரிப் என்கிற தேய்ப்புத் தகட்டாலோ விரலாலோ நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் அழுத்தித் தேயுங்கள். அடியில் எஸ் வடிவத்தில் ஒரு விரிசல் வரும் இல்லையா, அது பெரும்பாலும் இந்த அழுத்தம் போதாமல், சுவர் முதலில் காய்ந்து சுருங்கிவிட, ஈரமாகவே இருக்கும் அடி கடைசியில் தனியாக இழுபடுவதால் வருவது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம், பட்டறையில் பெரும்பாலோர் அவசரப்படுகிற கட்டமும் அதுதான். வனைந்த பாத்திரம் மெல்ல இறுகி, கையில் எடுத்தால் வடிவம் கெடாது, நகத்தால் அழுத்தினால் மட்டும் தடம் விழும் என்ற பதத்துக்கு வரும். லெதர் ஹார்டு என்று சொல்வது இதைத்தான். அடி செதுக்குவது, கைப்பிடி ஒட்டுவது, கீறி அலங்காரம் செய்வது, கல்லால் தேய்த்து மினுக்குவது எல்லாம் இந்தப் பதத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன. கொஞ்சம் முந்தினால் செதுக்கும் உளியில் மண் பிசுபிசுவென்று ஒட்டும், பிந்தினால் தூளாக உதிரும். சரியான நேரத்தில் ரிப்பன் ரிப்பனாகச் சுருண்டு விழும், அந்தச் சுருள் விழ ஆரம்பித்துவிட்டால் மற்ற வேலையை நிறுத்திவிட்டுச் செதுக்கி முடித்துவிடுவேன், போன் அடித்தாலும் எடுப்பதில்லை. இந்தப் பதம் கடிகாரம் பார்த்து வராது. மழைநாளில் இரண்டு நாள் ஆகலாம், வறண்ட காற்றடிக்கிற நாளில் மதியத்துக்குள் தாண்டியும் போய்விடும்.

கைப்பிடியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் கைப்பிடி கழன்ற கோப்பைதான் எங்கள் அலமாரியில் மிக அதிகம். கீறிவிட்டு, சேறு தடவி, அழுத்தி ஒட்டு என்பதை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள், எல்லாரும் அப்படியே செய்யவும் செய்கிறார்கள், அப்படியும் கழல்கிறது. காரணம் ஒட்டிய விதம் இல்லை. கோப்பை காலையிலிருந்து காய்ந்து இறுகியிருக்கிறது, கைப்பிடி அப்போதுதான் இழுத்த ஈர மண். ஒட்டிய பிறகு கைப்பிடி இன்னும் 5 சதவீதம் சுருங்க வேண்டும், கோப்பை 2 சதவீதம்தான் சுருங்கப் போகிறது, அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டியது ஒட்டு ஒன்றுதான். அதனால் கைப்பிடிகளை முதலில் இழுத்து வளைத்துத் தனியாக இறுகவிடுங்கள், கோப்பையின் பதத்துக்கு அதுவும் வந்த பிறகு ஒட்டுங்கள். ஒட்டியதும் திறந்து வைக்காமல் கோப்பையை முழுவதுமாகப் பிளாஸ்டிக்கில் மூடி ஒரு நாள் விட்டுவிட்டால், ஈரம் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு நீர் நகர்ந்து இரண்டும் சமமாகிவிடும். அப்புறம் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் போதும். கைப்பிடி மெலிந்து, எல்லாப் பக்கமும் காற்றுப் படுகிற மாதிரி இருப்பதால் அது எப்போதும் முந்திக் காயப் பார்க்கும், அதன் மேல் மட்டும் ஒரு ஈரத் துணித் துண்டைப் போட்டு வைப்பது என் வழக்கம்.

தட்டுகளுக்கும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. விளிம்பு முந்திக் காய்ந்து மேலே தூக்கிக்கொள்ளும். விளிம்பை மூடி நடுவைத் திறந்து விடுங்கள், விளிம்பு தாங்குகிற பதம் வந்ததும் கவிழ்த்துக் காய வையுங்கள். தட்டையான பட்டைகளை இரண்டு பலகைகளுக்கு நடுவில், இடையில் செய்தித்தாள் வைத்துக் காயவிடலாம். இன்னொன்று, மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்வதை நான் முதலில் நம்பவில்லை, இப்போது நம்புகிறேன். ஈரத்தில் வளைந்துவிட்ட பட்டையை நிமிர்த்தி வைத்தால் காயும்வரை நேராகத்தான் இருக்கும், சூளைக்குள் போய் வரும்போது பழைய வளைவு திரும்பியிருக்கும், ஏனென்றால் வளைத்தபோது தகடுகள் திரும்பிய திசை நிமிர்த்தியதில் முழுதாக மாறவில்லை. பட்டையைத் தூக்கும்போது ஓரத்தைப் பிடித்துத் தூக்காமல் பலகையோடு நகர்த்துவது இதற்காகத்தான்.

கடையில் விற்கிற ஈரமானி எதுவும் நான் வைத்துக்கொள்வதில்லை. பாத்திரத்தின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்று இருந்தால் இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, சூளைக்கு ஆகாது. பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும், போகட்டும்.

பெரிய பாத்திரங்களில் இந்த ஈரக் கணக்கு வேறு உயரத்துக்குப் போகிறது. சக்கரமே இல்லாமல், மண் திரிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பும் முறையில் அடிப்பகுதி மேல்பாரத்தைத் தாங்குகிற அளவுக்கு இறுகியிருக்க வேண்டும், அதே நேரம் அடுத்த திரி ஒட்டுகிற விளிம்பு ஈரமாகவே இருக்க வேண்டும். ஒரே பானையில் இரண்டு பதத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வது அது. நைஜீரியாவின் லாடி குவாலி பெரிய தண்ணீர்ப் பானைகளை இப்படித்தான் எழுப்பினார். 1950-களில் அபுஜா மட்பாண்ட மையத்துக்கு வந்த பிறகு அவருடைய வேலை உலகம் முழுக்கத் தெரியவந்தது, இன்றைக்கு அந்த நாட்டின் 20 நைரா நோட்டில் பானையோடு அவர் உருவம் இருக்கிறது. கென்யாவில் பிறந்து பிரிட்டனில் வேலை செய்யும் மக்டலீன் ஒடுண்டோவும் சக்கரத்தைத் தொடாமல் கையாலேயே எழுப்பி, தேய்த்து மினுக்குகிறவர். அந்தப் பளபளப்பு கிளேஸ் இல்லை, சரியான பதத்தில் தேய்த்ததில் தகடுகள் மேற்பரப்பில் படிந்து கிடப்பதால் வருவது.

காய்ந்த பாத்திரத்தில் விரிசல் தெரிந்தால் என்ன செய்வது என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். வினிகரில் குழைத்த சேறு, காகிதக் கூழ் கலந்த மண் என்று வைத்தியங்கள் உண்டு, காகித நார் கலந்த மண்ணை முழுக்கக் காய்ந்த பரப்போடு கூட ஒட்ட முடியும் என்பதும் உண்மைதான். சிற்பத்துக்கு அது சரி. தினசரி புழங்கும் கோப்பைக்கு என்றால் என் பதில் எப்போதும் ஒன்றுதான், உடைத்து வாளியில் போடுங்கள். இதற்கு எதிராக ஒரு நல்ல உதாரணம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கலைஞர் அடலெய்ட் ராபினோ 1910-ல் ஒரு போர்சலீன் ஜாடியின் மேல் காய்ந்த மண்ணிலேயே வண்டு வடிவங்களைச் செதுக்கினார், வேலை 1,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது, முதல் சூட்டில் அடியில் விரிசலோடு வெளியே வந்தது. விடாமல் அந்த இடங்களைப் பொடித்த போர்சலீனால் அடைத்து, மறுபடி சுட்டு எடுத்தார், 1911-ல் டியூரின் கண்காட்சியில் பெரும் பரிசு பெற்ற தொகுப்பில் அந்த ஜாடியும் இருந்தது. ஆயிரம் மணி நேரம் உழைத்த ஜாடி என்றால் நானும் அடைத்துப் பார்ப்பேன். இருபது நிமிடத்தில் வனைந்த கோப்பைக்கு அந்தப் பாடு தேவையில்லை.

உடைத்துப் போடுகிற மண் வீணாவதில்லை, சுடாதவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப மண்ணாகும். இதில் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயம்: அரைகுறை ஈரமாக உள்ள துண்டைத் தண்ணீரில் போட்டால் நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும், எலும்பு போல் முழுக்கக் காய்ந்த துண்டு சில நிமிடங்களிலேயே குமிழி விட்டுப் பொலபொலவென்று கரையும். அதனால் செதுக்கிய சுருள்களை முதலில் நன்றாகக் காயவிடுங்கள், அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள், கிண்டாமல் விடுங்கள். மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சேற்றைப் பிளாஸ்டர் பலகையில் பரப்பினால் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டரின் துணுக்கு ஒன்றுகூட மண்ணில் கலக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். சுட்ட பிறகு அந்தத் துணுக்கு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, சில வாரம் கழித்துப் பாத்திரத்தின் பக்கத்திலிருந்து ஒரு சில்லைத் தெறிக்க வைக்கும்.

சூளைக்கு வருவோம். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று ஏற்றினாலும், அறைக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கேற்றபடி மண்ணிலும் கொஞ்சம் நீர் இருந்தே தீரும். அதனால் முதலில் 100 டிகிரிக்குக் கீழே, 80 அல்லது 90-ல் சில மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும், கனமான சாமான் இருந்தால் இரவு முழுக்க. பார்வைத் துளையின் எதிரே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்தால், அது மங்குகிறவரை நீர் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிற்பம் செய்கிறவர்கள் கெட்டியாக விடாமல் உட்புறத்தைக் குடைந்து, சுவரை ஒரு சென்டிமீட்டரை ஒட்டி வைத்து, மூடிய வடிவமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ஊசித் துளை விடச் சொல்வதும் இதற்காகத்தான்.

அதோடு நீர் தீர்ந்துவிடவில்லை. மண்ணின் வேதியமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் ஒன்று உண்டு, கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் சுத்தமாக இருந்தால் அதில் அது எடையில் சுமார் 14 சதவீதம். 450 முதல் 600 டிகிரிக்குள் அது வெளியேறுகிறது, அதற்கப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது திரும்பக் குழையாது. அதே எல்லைக்குள், 573 டிகிரியில், மண்ணில் உள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று கொஞ்சம் விரிகிறது, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. அந்த இடத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகக் கடக்க வேண்டும். சூளையைத் திறக்க எல்லாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும், 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை நான் சாவியைக் கொடுப்பதில்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் கோன் வையுங்கள். ஹெர்மன் சேகர் 1886-ல் பெர்லினில் கொண்டுவந்த இந்தச் சின்னக் கூம்புகள் வெப்பநிலையோடு, அந்த வெப்பம் எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதையும் சேர்த்துக் காட்டும். கோன் 6 ஏறக்குறைய 1220 முதல் 1240 டிகிரியில் வளையும், மெதுவாக ஏற்றினால் குறைந்த வெப்பத்திலேயே, வேகமாக ஏற்றினால் கூடுதல் வெப்பத்தில். எங்கள் சூளையின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் அரைக் கோன் வித்தியாசம் இருப்பது இப்படி வைத்துப் பார்த்ததில்தான் தெரியவந்தது. இப்போது எந்தக் கிளேஸ் எந்தத் தட்டில் என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறோம்.

கிளேஸ் என்றதும் எல்லாரும் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள், நான் அங்கேயும் தண்ணீரைத்தான் பார்ப்பேன். சுமார் 1000 டிகிரியில் பிஸ்க் சுட்ட பாத்திரம் உறிஞ்சும் தன்மையோடு இருக்கும், வாளியில் முக்கியதும் அது நீரைக் குடிக்கும், நீரோடு வந்த பொடி மேலே படியும். மூன்று விநாடியா ஐந்து விநாடியா என்பதில் கிளேஸின் கனம் மாறும், கனம் மாறினால் நிறமும் மாறும், வழிந்து அலமாரித் தட்டோடு ஒட்டிக்கொள்வதும் அதைப் பொறுத்ததே. போன மாதம் வந்த அதே நீலம் இந்த மாதம் வரவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்பது, வாளியை எடை பார்த்தீர்களா என்று. நன்றாகக் கலக்கிவிட்டு 100 மில்லி கிளேஸை அளந்து எடை போடுங்கள். 145 கிராம் என்றால் அடர்த்தி 1.45. உங்களுக்கு நன்றாக வந்த நாளின் எண்ணை வாளியின் மேலேயே எழுதி வைத்து, ஒவ்வொரு தடவையும் நீர் சேர்த்தோ இறுத்தோ அந்த எண்ணுக்குக் கொண்டு வாருங்கள், பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

பிஸ்க் என்ற படியே இல்லாமலும் செய்யலாம். வியன்னாவில் பிறந்து 1938-ல் லண்டனுக்குப் போன லூசி ரீ, சுடாத பாத்திரத்தின் மேல் தூரிகையால் கிளேஸ் தடவி, மின்சூளையில் ஒரே சூட்டில் முடித்துவிடுவார். காய்ந்த பச்சை மண்ணில் மறுபடி நீரைத் தடவுவது எவ்வளவு ஆபத்து என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவர் உப்பிக்கொள்ளும், கைப்பிடி நழுவும். அவருடைய மெல்லிய சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு விஷயம்தான் எனக்கு முதலில் தோன்றும்.

சாப்பிட, குடிக்க என்று செய்கிறீர்களென்றால் கிளேஸ் பூசாத, முழு வெப்பத்துக்குச் சுட்ட ஒரு துண்டை எடை போட்டு, இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிட்டுத் துடைத்து மறுபடி எடை பாருங்கள். 200 கிராம் 208 ஆனால் 4 சதவீதம் உறிஞ்சுகிறது. ஸ்டோன்வேருக்கு அது அதிகம், அடியில் ஈரம் கசியும், மைக்ரோவேவில் வைத்தால் கோப்பைக் காது கையைச் சுடும். ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் வரும்வரை வெப்பத்தையோ மண்ணையோ மாற்றுங்கள். ஈயம் உள்ள கிளேஸை இந்தச் சாமான்களின் பக்கமே கொண்டுவராதீர்கள், அதில் பேச்சே இல்லை.

கடைசியாக, சுத்தம் செய்வது. காய்ந்த மண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கும், வருடக்கணக்கில் சேர்ந்தால் வரும் சிலிக்கோசிஸுக்குக் குணமாகிற மருந்து கிடையாது. எனவே பட்டறையில் துடைப்பத்தைத் தொடக் கூடாது, காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. ஈரப் பஞ்சால் துடைப்பது, ஈர மாப்பால் தரையைத் துடைப்பது, கிளேஸ் பொடி கலக்கும்போது நல்ல முகமூடி போட்டுக்கொள்வது, இதெல்லாம் புதிதாக வந்தவர் முதல் பழைய ஆள்வரை எல்லாருக்கும் பொது. கை கழுவுகிற தண்ணீரைத் தொட்டியில் நேராக விடாதீர்கள், குழாய் வளைவில் மண் இறுகினால் பிளம்பரைக் கூப்பிடத்தான் வேண்டும். மூன்று வாளி வையுங்கள். முதல் வாளியில் சேற்றுக் கையை அலசி, இரண்டாவதில் மறுபடி அலசி, மூன்றாவதில் கழுவி, வார இறுதியில் தெளிந்ததை மட்டும் இறுத்துக் கொட்டிவிட்டு, அடியில் படிந்ததை மீள்மண் வாளியில் சேர்த்துவிடுங்கள். கிளேஸ் கழுவிய நீருக்கு மட்டும் தனி வாளி, அது மண்ணோடு கலக்கவே கூடாது.